சந்நிதியின் விஞ்ஞானம்

தவசி ஒருவர் தம்முள் அடங்கி அமர்ந்திருக்கிறார்; அவர் வாய் திறக்கவில்லை, எதிரே இருப்பவருக்கு யாதொரு உபதேசமும் செய்யவில்லை; ஆயினும் அவர் முன்னிலையில் சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்தவருக்கு நெஞ்சின் கொந்தளிப்பு அடங்கிவிடுகிறது என்பது நம் நாட்டில் மிகப் பழைய நம்பிக்கை. ஆலமரத்தின் அடியில் மௌனமாக வீற்றிருந்தே முனிவர் நால்வரின் ஐயத்தைத் தீர்த்த தட்சிணாமூர்த்தியின் கதை இந்த நம்பிக்கைக்குத் தெய்வ வடிவம் தந்தது. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கூடம் அதற்கு அண்மைக் காலத்துச் சாட்சியாயிற்று. 1931-ஆம் ஆண்டில் அங்கு வந்த பால் பிரண்டன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர், கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் மனத்துள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தவர், தம்மை ஏறெடுத்தும் பாராதிருந்த மகரிஷியின் எதிரில் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க அக்கேள்விகள் ஒவ்வொன்றாகத் தாமே உதிர்ந்துபோயின என்று 1934-இல் வெளியான தம் நூலில் எழுதிவைத்தார். அவரைப் போலவே சொன்னவர்கள் பலர்.

இச்செய்தியைக் கேட்டதும் விஞ்ஞானி நகைக்க வேண்டியதில்லை; உடனே நம்பிவிடவும் வேண்டியதில்லை. கடல் கடந்து, ஊர் ஊராக அலைந்து, ஞானி ஒருவரைக் கண்டே தீருவது என்ற வைராக்கியத்தோடு வந்து சேர்ந்த மனிதர், தமக்குக் கிடைக்க வேண்டிய சாந்தியில் பாதியை வழியிலேயே சம்பாதித்துக்கொண்டிருப்பார் என்று ஐயுறுவது பாவமாகாது. எதிர்பார்ப்பு என்பது வலிமை மிக்க ஔஷதம்; வெறும் சர்க்கரை உருண்டையை மருந்து என்று சொல்லிக் கொடுத்தாலும் நோயாளிகளில் சிலருக்கு வலி குறைவதை வைத்தியர் யாவரும் அறிவர். ஆகவே, ஒருவருடைய அந்தரங்க சாதனை இன்னொருவருக்குப் பயன்படுகிறதா என்று நிச்சயிக்க வேண்டுமானால், பயன் பெறுகிறவருக்கு அந்தச் சாதனையைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கக் கூடாது. இது முதல் நிபந்தனை. இரண்டாவது நிபந்தனை, பலனைச் சாதகரிடம் அல்லாமல் அந்தப் பிறரிடமே அளக்க வேண்டும் என்பது; இதை ஆராய்ச்சியாளர்களே பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தியானத்தைப் பற்றிச் சென்ற அரை நூற்றாண்டில் நடந்த பரிசோதனைகளில் பெரும்பகுதி, தியானம் செய்பவரின் மூளையையும் இரத்த அழுத்தத்தையும் உறக்கத்தையும் அளந்து பார்த்தவை. பலன் பிறருக்கு உண்டா என்ற கேள்விக்கும் அவரையே சாட்சிக்கு அழைத்து, 'உங்கள் கருணை பெருகியிருக்கிறதா?' என்று அச்சிட்ட தாளில் விடை எழுதச் சொன்னவை. சாதகரின் தலையில் கம்பிகளைப் பொருத்திப் பார்த்தவர்களுள் அவர் மனைவியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் மிகச் சிலரே.

இவ்விரு நிபந்தனைகளுக்கும் உட்பட்ட ஒரு சோதனையை ஜெர்மனியில் லுட்விக் கிரெப்மைர் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்து, 2007-இல் வெளியிட்டார்கள். மனக் கோளாறு உள்ளவர்கள் உள்நோயாளிகளாகத் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், உளச்சிகிச்சை பழகிவந்த 18 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாகப் பிரித்து, 9 பேருக்கு மட்டும் ஜென் தியானம் பயிற்றுவித்தார்கள். ஏனைய 9 பேர் வழக்கம் போலத் தம் வேலையைப் பார்த்துவந்தார்கள். 124 நோயாளிகளில் 63 பேர் முதற் கூறினரிடமும் 61 பேர் இரண்டாங் கூறினரிடமும் 9 வாரம் சிகிச்சை பெற்றார்கள். தம்மோடு பேசிக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர் தியானத்தில் அமர்ந்து எழுந்து வந்தவரா அல்லவா என்பது நோயாளி எவருக்கும் தெரியாது. இரு தரப்பாருக்கும் அளிக்கப்பட்ட சிகிச்சை ஒன்றே, மருத்துவமனையும் ஒன்றே.

முடிவு வியப்பானது. தியானம் பயின்றவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் பதற்றமும், கோபமும், காரணமற்ற அச்சமும், பிறரோடு பழகுவதில் இருந்த தயக்கமும், உடல் உபாதைகளாக வெளிப்பட்ட மனத்துயரமும் மற்றவர்களுக்குக் குறைந்ததைவிடத் தெளிவாக மிகுதியாகக் குறைந்திருந்தன. இன்னும் நுணுகிப் பார்த்தால் சுவையான செய்தி ஒன்று கிடைக்கிறது. ஒவ்வொரு சிகிச்சை அமர்வையும் பற்றி நோயாளிகள் இட்ட மதிப்பெண்களில், தம் பிரச்சினை தமக்கு விளங்கியது என்பதிலும், அதைத் தீர்க்க வழி புலப்பட்டது என்பதிலும் தியானக் கூறினரின் நோயாளிகள் உயர்ந்த மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். மருத்துவரோடு உள்ள உறவைப் பற்றிய கேள்விகளில் மட்டும் அப்படிப்பட்ட வித்தியாசம் தென்படவில்லை. அதாவது, அந்த மருத்துவர் அதிக அன்பானவராகவோ சாந்த சொரூபியாகவோ அவர்களுக்குத் தோன்றினார் என்று கொள்வதற்கு இடமில்லை. தாம் சொல்வதை ஒருவர் சிதறாத கவனத்தோடு கேட்க, அதனால் தம் கதையே தமக்குத் தெளிவாயிற்று என்று அனுமானிப்பது பொருந்தும். சந்நிதி விசேஷம் என்று நாம் பொதுப்படச் சொல்வதன் பெரும் பகுதி, இடையில் வந்து மறிக்காத செவியாகவே இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

இவ்வாறு ஒரு மனத்தின் நிலை இன்னொரு மனத்தை எட்டுவதற்கு வழி யாது? சாம்பிராணிப் புகை கூடம் முழுவதும் பரவுவது போல, தியானம் செய்பவரின் உள்ளத்திலிருந்து அதிர்வலைகள் எழுந்து பரவுகின்றன என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அத்தகைய அலை எதையும் எந்தக் கருவியும் பதிவு செய்ததில்லை. அதற்கு அவசியமும் இல்லை. முகம், குரல், மூச்சு, தொடுகை என்று கண்கூடான வாயில்கள் நான்கு இருக்கின்றன. அவை நாம் நினைப்பதைவிட மிகக் கூர்மையானவை. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் டிம்பெர்க்கும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனையில், சிரித்த முகத்தையோ சினந்த முகத்தையோ வெறும் 30 மில்லி செகண்டு காட்டி, உடனே அதன் மேல் உணர்ச்சியற்ற முகம் ஒன்றைக் காட்டி மறைத்தார்கள். பார்த்தவர்கள் தாம் கண்டது உணர்ச்சியற்ற முகம் என்றே அறிந்தார்கள். ஆனால் அவர்கள் முகத்தில் பொருத்தியிருந்த மின்வாய்கள் வேறு கதை சொல்லின. மறைந்துபோன சிரிப்புக்குக் கன்னத்துத் தசையும், மறைந்துபோன சினத்துக்குப் புருவத்தை நெரிக்கும் தசையும் தாமாகவே அசைந்திருந்தன. அறிவு அறியாததை முகம் அறிந்துகொண்டு பதிலும் சொல்லிவிட்டது.

இதைவிட நெஞ்சைத் தொடுவது அமெரிக்காவில் சாரா வாட்டர்ஸும் உடன் ஆராய்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட தாய்-சேய் ஆராய்ச்சி. ஒரு வயது கடந்த குழந்தைகளையும் அவர்களுடைய தாய்மாரையும் வரவழைத்து, இருவர் மார்பிலும் இருதயத் துடிப்பைப் பதியும் உணரிகளை ஒட்டி, பின்பு அவர்களைப் பிரித்தார்கள். குழந்தை ஓர் அறையில் விளையாடிக்கொண்டிருக்க, தாய் வேறோர் அறையில் இரண்டு பரீட்சகர்கள் முன் நின்று பேச வேண்டும். அவர்களோ, சில தாய்மாரிடம் தலையசைத்துப் புன்னகைத்தார்கள், சிலரிடம் முகத்தைச் சுளித்துக் கையைக் கட்டிக்கொண்டார்கள். நடந்தது எதையும் குழந்தை காணவில்லை. ஆயினும் தாய் திரும்பி வந்து குழந்தையை எடுத்துக்கொண்ட சில நிமிஷங்களுக்குள், தாயின் இருதயம் எவ்வாறு துடித்ததோ அதைத் தொடர்ந்து குழந்தையின் இருதயமும் துடிப்பு மாறத் தொடங்கியது. முகச்சுளிப்பை எதிர்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு வலுத்தது. புதியவர்களைக் கண்டு அவை ஒதுங்குவதும் மிகுந்தது. தாய் தன் மனக்கலக்கத்தைக் குழந்தையிடம் காட்டலாகாது என்று புன்னகையை வரவழைத்துக்கொண்டிருக்கலாம்; குழந்தை புன்னகையை மட்டும் பார்க்கவில்லை.

கலக்கம் செல்லும் வழியிலேயே அமைதியும் செல்லும் என்பதற்கு ஜேம்ஸ் கோன் என்ற மனோதத்துவர் 2006-இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லலாம். திருமணமான பெண்கள் 16 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, காலில் மின்சார அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்து, அந்த வேளையில் மூளை எவ்வளவு கலங்குகிறது என்று பார்த்தார். தனியே கிடந்தபோது கலக்கம் மிகுதி. முன்பின் அறியாத ஒருவர் கையைப் பற்றியிருந்தபோது சிறிது குறைவு. கணவன் கையைப் பற்றியிருந்தபோது மிகக் குறைவு. அதிலும் இல்லறம் இனிதாக நடந்துவந்தவர்களுக்கு இன்னும் குறைவு. கை ஒன்றுதான், ஆனால் அந்தக் கையின் பின்னால் பல ஆண்டுகளாக நடந்துவந்த வாழ்க்கையும் சேர்ந்து பேசியது.

இனி, சாதனை என்பது இந்த வாயில்களில் எதை மாற்றுகிறது என்று பார்த்தால், முதலில் கண்ணிற்படுவது மூச்சு. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி 2001-இல் காட்டியபடி, லத்தீன் மொழியில் ஜெபமாலை ஓதினாலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தை ஓதினாலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைகிறது. அந்த வேகத்தில் இருதயத்தின் துடிப்பும் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் ஒரே லயத்தில் சேர்ந்துகொள்கின்றன. இரு சமயத்தாரும் தத்தம் வழியில் நெடுங்காலம் ஓதி, ஒரே உடற்கூற்று உண்மையில் வந்து நின்றிருக்கிறார்கள். ஸ்வீடனில் கூட்டாகப் பாடிய இளைஞர்களின் இருதயங்கள் பாட்டின் மூச்சை ஒட்டி ஒன்றாகவே விரைந்தும் தணிந்தும் துடித்ததை 2013-இல் பதிவு செய்தார்கள். மார்கழி விடியலில் பஜனைக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

முகமும் மூச்சும் சாந்தமாயின, நல்லது. ஆனால் சாந்தம் பிறருக்கு உதவ எழுந்து நிற்குமா? உலகத்தை மறந்து தன்னுள் ஆழ்பவன் பக்கத்து வீட்டுக்காரனையும் மறந்துவிடுவான் என்ற குற்றச்சாட்டு தியானத்தின் மேல் என்றும் உண்டு. பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பால் காண்டன், டேவிட் டிஸ்டெனோ முதலியோர் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 8 வாரம் தியானம் பயின்றவர்களையும், பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களையும், ஞாபகசக்தி முதலியவற்றைச் சோதிக்கப்போவதாகச் சொல்லி ஒவ்வொருவராக வரவழைத்தார்கள். உண்மையான பரீட்சை காத்திருக்கும் அறையிலேயே முடிந்துவிட்டது. அங்கே மூன்று நாற்காலிகள். இரண்டில் ஆராய்ச்சியாளரின் ஆட்கள் அமர்ந்திருந்தார்கள். வந்தவர் மூன்றாவதில் அமர்ந்தார். சிறிது நேரத்தில், காலில் கட்டோடு கக்கத்தண்டங்களை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள்; நாற்காலி இல்லை என்று கண்டு, வலியால் முகம் சுருங்க, காதில் விழும்படி ஒரு பெருமூச்சு விட்டு, சுவரில் சாய்ந்துகொண்டாள். அமர்ந்திருந்த ஆட்கள் இருவரும், சொல்லிவைத்தபடி, தலை நிமிரவில்லை. ஒருவர் பேருந்தில் எழாவிட்டால் அடுத்தவரும் எழமாட்டார் என்பது நமக்குத் தெரிந்ததே. தியானம் பயிலாதவர்களில் ஏறத்தாழ 16 சதவீதத்தினரே எழுந்து இடம் கொடுத்தார்கள். பயின்றவர்களிலோ 50 சதவீதத்தினர். ஆராயப்பட்டவர்கள் 39 பேர்தான் என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் 2015-இல், கைபேசி வழியே 3 வாரம் மட்டும் தியானம் பழகியவர்களை வேறு பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிட்டு அதே நாற்காலிச் சோதனையை மறுபடி செய்தபோதும் 37-க்கு 14 என்ற சதவீத வித்தியாசம் கிடைத்தது. பிறர் முகக்குறிப்பைப் படித்தறியும் திறமை இரு சாராருக்கும் ஒன்றாகவே இருந்தது என்பது அதில் கவனிக்கத்தக்கது. பயிலாதவர்களுக்கும் அந்தப் பெண்ணின் வலி தெரிந்தே இருந்தது, எழுந்திருக்கத்தான் இல்லை.

பிறர் துன்பத்தை உணர்வது வேறு, அதற்கு உதவத் துணிவது வேறு என்னும் இந்தப் பேதத்தை மூளைக்குள்ளேயே காட்டியவர் ஜெர்மானிய அறிஞரான தானியா சிங்கர். அவருக்குத் துணையாக வாய்த்தவர் மத்தியூ ரிக்கார். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் மரபணுவியலில் டாக்டர் பட்டம் பெற்ற பின் 1972-இல் எல்லாவற்றையும் விட்டு இமயமலை நாடுகளுக்கு வந்து பௌத்தத் துறவியானவர். பிறருடைய துயரத்தை அப்படியே தம்முள் வாங்கி அனுபவிக்கும்படி எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்த ரிக்காரிடம் கேட்டபோது, சற்று நேரத்திற்குள் அவர் சோர்ந்துபோனார். அந்தத் துயரத்தின் மீது கருணையைச் செலுத்தத் தொடங்கியதும் சோர்வு நீங்கியது. பின்பு சாதாரண மனிதர்களுக்கு இவ்விரண்டையும் தனித்தனியே பயிற்றுவித்துப் பார்த்தார்கள். பிறர் வேதனைப்படும் காட்சிகளைக் கண்டபோது, உடன்வருந்தப் பயின்றவர்களுக்குத் துன்பமே பெருகியது. கருணை பயின்றபின், துன்பம் தணிந்து, அன்போடும் அரவணைப்போடும் தொடர்புள்ள வேறு மூளைப் பகுதிகள் கிளர்ந்தன. நோயாளியோடு சேர்ந்து தானும் அழும் செவிலி நாளடைவில் வேலையை விட்டுவிடுகிறாள்; நெஞ்சு இளகியும் நிலை குலையாமல் நிற்கிறவளே கடைசிப் படுக்கை வரை போய் வருகிறாள். பௌத்தர்களின் கருணா பாவனை பிறருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்ற கேள்விக்கு, அது பயன்படுத்துகிறவரைத் தீர்ந்துபோகாமல் காக்கிறது என்பதே பாதி விடை.

இதுவரை சொன்னவை எல்லாம் ஓர் அறைக்குள் நிகழ்ந்தவை. அறைக்கு அப்பால் சென்றால் கதை மாறுகிறது. தூரத்தில் இருந்தபடி பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனை பலிக்குமா என்பதைக் கணக்கெடுத்துப் பார்க்கலாம் என்று முதலில் துணிந்தவர் 1872-இல் பிரான்ஸிஸ் கால்டன்; தேசம் முழுவதும் தேவாலயங்களில் மன்னரின் தீர்க்காயுளுக்காக வேண்டிக்கொண்டிருக்க, அரச வம்சத்தாரின் சராசரி ஆயுள் வசதி படைத்த மற்ற வகுப்பாரின் ஆயுளைவிடக் குறைவு என்று அவர் காட்டியபோது பாதிரிமார் கொதித்தெழுந்தார்கள். அதைவிட முறையான சோதனையை அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்ஸன் தலைமையில் 6 மருத்துவமனைகளில் செய்து 2006-இல் வெளியிட்டார்கள். இருதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 பேரில், தமக்காகப் பிரார்த்தனை நடக்குமோ நடக்காதோ என்று தெரியாத இரு பிரிவினருள், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் பின்விளைவுச் சிக்கல்கள் வந்தன. நிச்சயமாக உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவினருக்கோ அது 59 சதவீதம்! ஊரே நமக்காக வேண்டிக்கொள்ளும் அளவுக்கு நம் நிலைமை மோசமா என்று அவர்கள் கலங்கியிருக்கலாம். பிரார்த்தனை கட்டிலருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிகழ்ந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்பதை அந்தச் சோதனை கேட்கவில்லை.

1993-ஆம் ஆண்டுக் கோடையில் மகரிஷி மகேஷ் யோகியின் வழியினர் ஏறத்தாழ 4,000 பேர் வாஷிங்டன் நகரில் கூடித் தியானம் செய்து, வன்முறைக் குற்றம் 23 சதவீதம் வரை குறைந்தது என்று அறிவித்த கதையில் அதிகம் தங்க வேண்டியதில்லை. அந்தக் குறைவு, தியானம் இல்லாவிட்டால் எவ்வளவு குற்றம் நடந்திருக்கும் என்று அவர்களே போட்ட மதிப்பீட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது. அடுத்த ஆண்டு பரிகாசத்துக்காக வழங்கப்படும் இக் நோபெல் பரிசு அதற்குக் கிடைத்தது.

ஒருவருடைய மகிழ்ச்சி நண்பரின் நண்பரின் நண்பர் வரை தொற்றுகிறது என்று 2008-இல் ஃபௌலரும் கிறிஸ்டாக்கிஸும் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரத்தில் 4,739 பேரை 20 ஆண்டுகள் தொடர்ந்த பதிவுகளிலிருந்து கண்டு சொன்னதை ஆன்மீக நூல்கள் பல இன்று எடுத்தாள்கின்றன. அதே ஆண்டில் வேறு இருவர் அதே மாதிரியான கணக்கு முறையைக் கையாண்டு, முகப்பருவும் தலைவலியும், ஏன், உயரமுங்கூட நண்பருக்கு நண்பர் தொற்றுவதாகக் காட்டிவிட்டார்கள் என்பதையும் அந்நூல்கள் சேர்த்துச் சொன்னால் நலமாக இருக்கும். நெட்டையர் நெட்டையரோடு சேர்வது வேறு, சேர்ந்ததால் நெட்டையாவது வேறு.

தியானத்துக்குச் சாதகமான சோதனைகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 22 ஆராய்ச்சிகளை ஒன்றாகத் திரட்டி 2018-இல் ஊட்டே கிரெப்ளின் முதலியோர் ஆராய்ந்தபோது, தியானத்தால் கருணை மிதமாகக் கூடுவதாகத் தெரிந்தது; மூர்க்க குணமோ பிறர்மேல் உள்ள துவேஷமோ குறைந்ததாகத் தெரியவில்லை. கருணை கூடியதாகக் காட்டியவையோ, தியானம் கற்பித்த ஆசிரியரே ஆராய்ச்சிக் கட்டுரையிலும் ஆசிரியராக இருந்தவை! போதாக்குறைக்கு, 2021-இல் மைக்கேல் போலின் என்பவரும் சகாக்களும், தம்மைப் பிறரோடு பிணைந்தவராக எண்ணுவோர் சற்று நேரத் தியானத்துக்குப் பின் உதவி செய்ய அதிகம் முன்வந்ததையும், தம்மைத் தனித்து நிற்பவராக எண்ணுவோர் அதே தியானத்துக்குப் பின் முன்னைவிடக் குறைவாக முன்வந்ததையும் கண்டார்கள். தான் என்று உள்ளே எதை வைத்திருக்கிறாரோ அதையே தியானம் கூர்மையாக்கிக் கொடுத்தது போலும். நம் சம்பிரதாயங்கள் யம நியமங்களைத் தியானத்துக்கு முன்னே வைத்ததும், பௌத்தம் சீலத்தை முதற்படியாக வைத்ததும் இந்தப் பின்னணியில் வேறு பொருள் பெறுகின்றன. மூச்சையும் கவனத்தையும் மட்டும் பிரித்தெடுத்து, மற்றதை எல்லாம் கழித்துவிட்டு, 10 நிமிஷப் பயிற்சியாகக் கைபேசியில் விற்பது விஞ்ஞானத்துக்குச் சௌகரியமானது. பிறருக்கு நலம் தருவது அந்தக் கழித்த பகுதியிலும் இருந்திருக்கலாம்.

ஆகையால் இத்துறையில் இறங்க விரும்பும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜெர்மானிய மருத்துவமனையில் 18 பேரைக் கொண்டு செய்த சோதனையை நூற்றுக்கணக்கானவரைக் கொண்டு செய்யுங்கள்: செவிலியரிடமும், பள்ளி ஆசிரியரிடமும், காவல் நிலைய அதிகாரியிடமும் செய்யுங்கள். பாதிப் பேருக்குத் தியானத்தோடு ஒழுக்கமும் சேர்த்துக் கற்பியுங்கள். மீதிப் பேருக்குத் தியானம் மட்டும் போதும். கற்பிப்பவர் கையில் கணக்கை ஒப்படைக்காதீர்கள். அளக்க வேண்டிய வேளை வந்ததும் சாதகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரிடம் மருந்து வாங்கிப்போன நோயாளியையும், அவர் வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையையும், புகார் கொடுக்க வந்து நிற்கும் ஏழையையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.